ஷெட் வாசலில் நட்ட கழி

“நின்னுகிட்டே மீன் வெட்ட முடியாதாக்கா?”

ஐஸ்வர்யா இப்படிக் கேட்டபோது பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் தேவகி.

“அருவாமணைய கால்ல மிதிச்சாத்தான் அது ஆடாம நிக்கும். நின்னுகினு வெட்டணும்னா அத்த இன்னா, இடுப்புல கட்டிக்கினா வெட்றது?”

ஐஸ்வர்யா சென்னையிலிருந்து வந்தவள். இன்ஜினியரிங் படித்தவள். பாலத்துக்கு அந்தப் பக்கம், சின்னமேட்டுக்குப்பத்தில் ஒரு தொண்டு நிறுவனம் புதிதாகத் திறந்திருந்த பொதுப் பட்டறைக்கு அவள்தான் பொறுப்பு. சிரிப்புக்கெல்லாம் அவள் அசரவில்லை. ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, செதில் பறந்து வந்து விழுகிற தூரத்தில் தேவகிக்கு எதிரே உட்கார்ந்தாள். மடவையும் கொடுவாவும் துண்டு துண்டாக விழுவதை மார்க்கெட் கலையும்வரை பார்த்தாள். வேலை முடிந்து தேவகி எழுந்தபோது பக்கத்துக் கூடையைப் பிடித்துக்கொண்டு, “அம்மாடி” என்று முனகி, ஒரு காலை நீட்டி, மறு காலை ஊன்றி, தவணை தவணையாக நிமிர்ந்ததையும் பார்த்தாள்.

“முட்டி எப்பலேர்ந்துக்கா இப்படி?”

அப்போதுதான் தேவகி சிரிப்பை நிறுத்தினாள். அந்த முட்டியைப் பற்றி அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கட்டிய புருஷன் நீலமேகமே கேட்டதில்லை.

அது கொரோனாவுக்கு முந்தைய காலம். தேவகிக்கு அப்போது நாற்பது வயது. இப்போதும் ஷெட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவாள். தொடங்கினால் லேசில் முடிக்க மாட்டாள்.

பட்டறைக்கு அந்த நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, வாசலில் பெரிய பலகை மாட்டியது. குப்பத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது ஷெட். அதற்கு முன்னால் அது ஐஸ் பேக்டரி; நஷ்டத்தில் மூடிக் கிடந்தது. கூரையைச் சரிசெய்து, வெல்டிங் மிஷின், பைப் வளைக்கிற மிஷின், பெரிய ட்ரில்லிங் மிஷின், மரம் அறுக்கிற மிஷின், இரண்டு தையல் மிஷின் என்று கொண்டுவந்து இறக்கினார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், கற்றுக்கொள்ளலாம், தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளலாம். கரண்டுக்கு மட்டும் ஏதாவது உண்டியலில் போட வேண்டும்.

முதல் மாதம் செல்போன் சார்ஜ் போடத்தான் கூட்டம் வந்தது. அப்புறம் ஸ்டீபன் வந்தான். அவனுடைய பைபர் படகின் அடியில் விரிசல். ஐஸ்வர்யா யாரிடமோ போனில் கேட்டுச் சொல்லச் சொல்ல, அவன் பிசினைக் கலந்து பூசி ஒட்டினான். படகு தண்ணீர் குடிக்கவில்லை. அடுத்த வாரம் ஷெட் வாசலில் படகுகள் கல்யாண வீட்டு வண்டிகள் மாதிரி நின்றன. பூபதி இன்ஜின் விசிறியில் வலை சிக்காமலிருக்க ஒரு கம்பிக் கூண்டு செய்தான். முதல் கூண்டு ஏரியில் கழன்று விழுந்தது. அதைத் தேடி அவன் முங்கிய கதையை வைத்தே ஷெட் ஒரு மாதம் சிரித்தது.

ஊருக்குள்ளிருந்து, அதாவது பழவேற்காடு டவுனிலிருந்து, அஜ்மல் வந்தான். துபாயில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டுத் திரும்பியவன். கண்ணாடி முகமூடியைப் போட்டுக்கொண்டு அவன் கோடு இழுத்தால் அது பற்ற வைத்த இடமென்றே தெரியாது. குப்பத்து ஆண்கள் பாதிப் பேருக்கு வெல்டிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அவனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் அவன் அம்மா மரியம் பீவி வந்தாள். வந்தவள் தையல் மிஷினைப் பார்த்துவிட்டாள். அதன்பிறகு மகனுக்குச் சாப்பாடு வேறு யாரோதான் கொண்டுவந்தார்கள். தார்ப்பாயில் இன்ஜினுக்கு உறை தைத்துக் காட்டுப்பள்ளிவரை விற்றாள்.

அந்த ஷெட்டின் வாசனை தேவகிக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. பிசின், எரிந்த இரும்பு, மரத்தூள், மரியம் பீவியின் தூக்கில் வருகிற இறால் சம்சா எல்லாம் ஒன்றாகக் கலந்த வாசனை. ஒரு பக்கம் அறுக்கிற மிஷின் கத்தும், இன்னொரு பக்கம் ரேடியோ. யார் என்ன செய்தாலும் நாலு பேர் சுற்றி நின்று, அது ஏன் தப்பு என்று சொல்வார்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் அங்கே ஏதாவது ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். மார்க்கெட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழி அதுவல்ல. ஆனாலும் தேவகி தினமும் அந்த வழியாகத்தான் போனாள்.

நின்றபடியே மீன் வெட்டுகிற மேசை, அதாவது நிற்கிற மணை, அங்கேதான் பிறந்தது. பெயரும் அங்கேதான் வைத்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏற்றுகிற மாதிரி மடக்க வேண்டும், உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்கக் கூடாது, கழிவு ஒரு பக்கமாக வழிந்து வாளியில் விழ வேண்டும். இதெல்லாம் எளிதாகத்தான் வந்தது. சின்ன மீன் வெட்டும்வரை மணை சொன்னபடி கேட்டது. பெரிய கொடுவாவை வைத்து அழுத்தியதும் மேசை, மீன், அரிவாள் எல்லாம் ஒரே திசையில் கிளம்பின. தேவகி எட்டிக் குதித்ததால் கால் தப்பியது.

“இதுக்கு நங்கூரம் வேணும்க்கா,” என்றான் அஜ்மல், தலையைச் சொறிந்துகொண்டு.

“நங்கூரத்துக்கு எங்கடா போவ?” என்றாள் மரியம் பீவி, தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல். “இவளையே மேல ஏத்தி நிறுத்து. அசையுமா அது?”

தேவகி கொஞ்சம் தடித்த உடம்புக்காரி. ஷெட் குலுங்கிச் சிரித்தது. “பீவிம்மா, நீங்களும் வாங்க, ரெண்டு பேரா நிப்போம்,” என்று தேவகியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐஸ்வர்யா மட்டும் சிரிக்காமல் தரையில் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தாள். மேசையின் முன்கால்களிலிருந்து கீழே ஒரு தகடு நீள வேண்டும். வெட்டுகிறவள் அந்தத் தகட்டின்மேல் ஏறி நிற்க வேண்டும். அவள் எடையே மேசையைப் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்து வெட்டும்போது கால் செய்த வேலையை, நின்று வெட்டும்போது உடம்பு செய்யும்.

செய்து பார்த்தார்கள். நின்றது. ஒரு கொடுவாவை இரண்டாகப் பிளந்துவிட்டு தேவகி மேசையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது மாதாகோயில் மணிக்கூண்டு மாதிரி நின்றது. தேவகி மேசைமேல் குனிந்து அழுதுவிட்டாள். ஏன் அழுகிறாள் என்று ஆண்களுக்குப் புரியவில்லை. மரியம் பீவி எழுந்து வந்து, பிசின் ஒட்டிய முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

மார்க்கெட்டில் முதல் நாள் எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். மேடை ஏறிப் பேசப் போகிறாயா என்று கேட்டார்கள். அடுத்த மாதம் பக்கத்தில் வெட்டுகிறவள் தனக்கும் ஒன்று கேட்டாள். அப்படித்தான் தேவகி மீன் வெட்டுவதோடு மணை செய்து விற்கிறவளாகவும் ஆனாள். பைப்பை வளைக்கவும் துளை போடவும் கற்றுக்கொண்டாள். பற்ற வைப்பதை மட்டும் அஜ்மல் செய்வான்.

சண்டை வந்தது தடைக்காலத்தில்தான். அந்த இரண்டு மாதமும் கடலுக்குப் போகக் கூடாது. எல்லோருக்கும் படகை, இன்ஜினைச் சரிசெய்ய அதுதான் நேரம். ஷெட்டில் ஒரே வெல்டிங் மிஷின். நான் முதலில் வந்தேன், நீ எப்போது வந்தாய் என்று பேச்சு முற்றி, ஒருவன் முகமூடியைத் தூக்கி எறிய, அது இன்னொருவன் புருவத்தைப் பிளந்தது.

ஊர்க்கூட்டம் கூடியது. நீலமேகத்தின் அண்ணன் கோதண்டம் ஊரில் பெரிய தலை. அவர்தான் வழி சொன்னார்: “ஏரில எப்படி வெச்சிகீறோம்? பாடு வெச்சித்தான? இங்கயும் அதையே வெச்சிக்குவோம்.”

ஏரியில் வலைக்கு நல்ல மீன் விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அடித்துக்கொள்ளாமல் அவற்றைப் பகிர்ந்துகொள்ளக் குப்பத்துக்காரர்கள் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். குடும்பத்துக்கு ஒரு பேர், குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். எந்த நாள் யாருக்கு விழுந்ததோ அன்று அந்த இடம் அவனுக்கு. பழைய முறை; ஊரில் ரத்தம் சிந்தாமல் காப்பாற்றுகிற முறை. அதனால் கோதண்டம் சொன்னதும் எல்லோருக்கும் வயிறு குளிர்ந்தது. ஐஸ்வர்யாகூடக் கைதட்டினாள். ஷெட்டுக்கும் குடம் குலுக்கி ஆளுக்கு ஒரு நாள் என்று ஆனது.

பாட்டோடு சேர்ந்து அதன் மற்ற சட்டங்களும் ஷெட்டுக்குள் வந்துவிட்டதை அன்று யாரும் கவனிக்கவில்லை. ஏரிப் பாடு குப்பத்து ஆண்களுக்கு மட்டும். டவுன்காரர்களுக்கு இல்லை. அஜ்மல் பேர் குடத்தில் இல்லை.

“நீ எப்ப வேணா வா நைனா,” என்றார் கோதண்டம், நிஜமான பாசத்தோடுதான். “யாரு பாடோ அவங்களுக்குக் கை ஆளா நில்லு. உன்ன யாரு வேணாம்னது?”

அஜ்மல் சிரித்தான். முகமூடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனவன் பிறகு வரவில்லை. பஜார் தெருவில் இரண்டு கை விரித்தால் முட்டுகிற அளவுக்கு ஒரு கடை பிடித்தான். மரியம் பீவியும் தையலை வீட்டுக்கு மாற்றிக்கொண்டாள். நிறுவனத்தின் திட்டக் காலம் முடிந்து, மிஷின்களை ஊருக்கே கொடுத்துவிட்டு ஐஸ்வர்யாவும் கிளம்பினாள். பஸ் ஏறும்போது தேவகி அவளுக்கு ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தாள். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம், திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் போன் செய்து சொன்னாள்.

ஷெட் தோற்றுப்போனது என்று சொல்ல முடியாது. ஸ்டீபன் படகு ரிப்பேருக்குத் தனி இடம் போட்டான். பூபதி அங்கே பழகிய வேலையை வைத்துத் துறைமுகத்துப் பக்கம் கம்பெனியில் சேர்ந்தான். இன்னொருவன் பொன்னேரியில் கேட் கிரில் கடை வைத்தான். கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். பிழைத்துக்கொண்டதால் வரவில்லை. ஆனால் யாரும் தன் பாட்டை விடவில்லை. பாட்டை விடுவது பேரை விடுகிற மாதிரி. அதனால் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்குச் சொந்தமாக, பூட்டியே கிடந்தது ஷெட்.

நீலமேகத்தின் பாடு வருகிற நாளில் மட்டும், அவனும் அவன் கூட்டாளிகளும் சுற்றி நின்று பிடிக்க, தேவகி உள்ளே போய்ப் பைப் வளைத்தாள்; பற்ற வைக்க அஜ்மல் கடைக்குக் கொண்டுபோனாள். போன வருஷம் நீலமேகம் மங்களூருக்குப் பெரிய போட்டில் வேலைக்குப் போனான். ஆள் ஊரில் இல்லையென்றால் பாடு இல்லை. அதுவும் ஏரிச் சட்டம்தான். அவன் பேரை எடுத்தார்கள். தேவகி உள்ளே போகக் கடைசியாக இருந்த கதவும் மூடியது.

இந்த ஆவணியில் பொன்னேரி மார்க்கெட்டிலிருந்து கஸ்தூரியம்மாள் வந்தாள். அங்கே மீன் விற்கிற பெண்களுக்கு அவள் சொன்னதுதான் சட்டம். தேவகியின் மணையில் ஏறி நின்று, இறங்கி, மறுபடி ஏறி நின்றாள்.

“எங்க பொம்பளைங்க எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு வேணும்டி. புரட்டாசி ஃபுல்லா வியாபாரம் படுத்துக்கும், பாதி ஊரு கவுச்சி தொடாது. அதுக்குள்ள செஞ்சிடு. ஐப்பசி பொறந்துச்சின்னா எங்களுக்குத் திரும்பக்கூட நேரம் இருக்காது. அப்ப வந்து நின்னியானா எனக்கு வேணாம், சொல்லிட்டேன்.”

மாதிரி காட்ட வேண்டுமென்று தேவகியின் மணையையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேவகி மறுபடி தரையில் உட்கார்ந்தாள். முட்டி நாலே நாளில் வீங்கியது. இனிமேல் சம்மணமோ குந்தலோ கூடாது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இந்த வேலை கைக்கு வந்தால் மீன் வெட்டுவதையே விட்டுவிட்டு மணை செய்தே பிழைக்கலாம். வராவிட்டால் இந்தத் தரைதான், முட்டி உடைகிறவரை.

அஜ்மல் கடையில் செய்யலாமே என்று கேட்கலாம். அவளும் போய்க் கேட்டாள்.

“பைப் வளைக்கிற மிஷின் என்கிட்ட ஏதுக்கா? வெட்டி வெட்டி ஒட்டினா உப்புத் தண்ணில ஆறு மாசத்துல ஒட்டு விட்டுடும். ஒரே பைப்பா வளைக்கணும். அது அங்கதான் கீது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “தூங்கிகினு கீது,” என்றான்.

கோதண்டத்திடம் போனாள். சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

“இன்னிக்கு யாரு பாடு மாமா?”

“மோகன்குமாரு.”

“வரமாட்டான் மாமா. அவன் பொன்னேரி கடைய வுட்டு வரவே மாட்டான். நான் போய் ரெண்டு பைப்பு வளைச்சிகினு வந்துடறேன்.”

“அவன் பாட்ல நீ எப்படிமே பூருவ? நாளைக்கி ஏரில ஒருத்தன் இன்னொருத்தன் பாட்ல வலை வுட்டா நான் இன்னான்னு கேப்பேன்?”

அவர் கெட்டவர் இல்லை. தேவகியின் முட்டியைப் பார்த்து மருந்து எண்ணெய்கூடக் கொடுத்தனுப்பினார். முறை முறைதான் என்பது அவர் கணக்கு. புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமையும் போனது.

அன்று சாயங்காலம் மங்களூரிலிருந்து நீலமேகம் பேசினான். ஊரை விட்டுப் போனதிலிருந்து அவனுக்குப் பழைய கதை அதிகம். ஏரியில் இறால் எப்படி, ஷெட்டில் இப்போது யார் என்று கேட்பான். அவள் பதில் சொல்வதற்குள் தன் கதைக்குப் போய்விடுவான்.

“பூபதி அப்பன் ஒருவாட்டி கழி நட மறந்து தூங்கிட்டான் பாரு. வெளிச்சம் வந்துச்சி, இடத்துல கழியே இல்ல. நான் போய் நட்டேன். அன்னிக்கு அடிச்சேன் பாரு இறாலு! படகு முங்குற மாதிரி! ஒருத்தன் வாயத் தொறக்கல.”

இந்தக் கதையைத் தேவகி கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறாள். எப்போதும் “உம்” கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாள். இன்று கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“ஏன் யாரும் கேக்கல?”

“எப்படிக் கேப்பான்? பாடு எவனுதோ அவன் விடியறதுக்குள்ள கழி நடணும். நடலன்னா வர்றவன் பாடு. நட்ட கழிய நட்டவன் தவிர எவனும் தொடக் கூடாது. சின்னப் பையனுக்குத் தெரியும் இது. இன்னாமே, புதுசா கேக்குற?”

“ஒண்ணுல்ல. நீ சாப்ட்டியா?”

விடிவதற்கு முன்னால் தேவகி ஷெட் வாசலில் நின்றாள். வலைக் கழி ஒன்று, வீட்டுக் கூரையில் நீலமேகம் செருகி வைத்துவிட்டுப் போனது. கடப்பாரையால் மணலில் குழி தோண்டி, கழியை இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினாள். முட்டி வலித்தது. கடல் பக்கம் வானம் வெளுத்தபோது கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் பார்த்தவர் கோதண்டம்தான். வாயில் பிரஷ்ஷோடு வந்தார்.

“இன்னாமே இது?”

“கழி மாமா.”

“தெரியுது. இங்க எதுக்கு?”

“இன்னிக்கு யாரு பாடு?”

“பூபதி பாடு.”

“பூபதி கழி நட்டானா?”

“ஷெட்டுக்கு எவன்மே கழி நடுவான்?”

“ஏரில கீற பாட்டதான இங்க கொண்டாந்தீங்க? என் வூட்டுக்காரர் பேர எடுக்கறப்ப ஏரிச் சட்டம்னீங்க. அஜ்மல அனுப்பறப்ப ஏரிச் சட்டம்னீங்க. அங்க விடியறதுக்குள்ள கழி நடலன்னா யாரு பாடு?”

கோதண்டம் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். துப்பிவிட்டு வந்தார். அதற்குள் படகு தள்ளப் போனவர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

“வர்றவன் பாடு,” என்றார், மெதுவாக.

“நான் வந்துகீறேன்.”

“ஏரில பொம்பளைக்குப் பாடு கிடையாது, தெரியும்ல?”

“ஏரில வெல்டிங் மிஷினும்தான் கிடையாது.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவன், “பெரீப்பா, புடுங்கிப் போட்டுப் போய்கினே இரு,” என்றான்.

“நீ புடுங்குடா பார்க்கலாம்,” என்றார் கோதண்டம் திரும்பி. அவன் பின்னால் நகர்ந்துகொண்டான். அடுத்தவன் நட்ட கழியைப் பிடுங்கியவனோடு குப்பத்தில் யாரும் ஒரு படகில் ஏற மாட்டார்கள். பொண்ணு கொடுக்கவும் யோசிப்பார்கள்.

கோதண்டம் போனை எடுத்துப் பூபதியைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் பஸ் இரைச்சல்.

“டேய், இன்னிக்கு ஷெட்டு உன் பாடு. தெரியும்ல?”

“எந்த ஷெட்டு சித்தப்பா?” உடனே நினைவு வந்து, “அடடே, நம்ம ஷெட்டா? அது இன்னும் கீதா?”

இந்தத் தடவை கூட்டம் முழுக்கச் சிரித்தது. கோதண்டம் சிரிக்கவில்லை. போனை வேட்டி மடிப்பில் செருகினார். கழியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “ஆழமாத்தான் நட்டுகீற,” என்று சொல்லிவிட்டுச் சாவி எடுக்கப் போனார்.

உள்ளே எலிப் புழுக்கை, ஒட்டடை. பைப் வளைக்கிற மிஷினின் மேல் யாரோ கழற்றிப் போட்ட சட்டை அப்படியே கிடந்தது, மடிப்பில் தூசு படிந்து. தேவகி பெருக்கினாள், எண்ணெய் விட்டாள், பைப்பை ஏற்றினாள். அஜ்மலுக்குப் போன் செய்தாள்.

“சந்தோசம்க்கா. ஆனா நான் வரல. அங்க கை ஆளா மட்டும் நான் வரமாட்டேன். தப்பா நினைக்காத.”

தனியாகவே வளைத்தாள். நீளப் பைப்பின் மறுமுனையை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் அதற்கு ஆள் கூப்பிட்டதே இல்லை; கை தானாக வந்து பிடிக்கும், கூடவே தப்பு சொல்லவும் நாலு வாய் வரும். முதல் பைப் நசுங்கியது. இரண்டாவதும் நசுங்கியது. மூன்றாவதை, மறுமுனையை ஒரு டிரம்மின் மேல் முட்டுக்கொடுத்து, ஒருவழியாக வளைத்தாள். சாயங்காலம்வரை கைக்கு வந்தது இரண்டே மணைக்கான கால்கள். வெளியே வந்து உட்கார்ந்தபோது பெரிதாக ஜெயித்ததாகத் தோன்றவில்லை. உள்ளே அவ்வளவு இடம் இருக்கிறது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. எப்போதும் கூட்டம் மறைத்துக்கொண்டிருந்த இடம்.

மறுநாள் விடியற்காலை கழியோடு வந்தாள். நேற்றைவிடக் கொஞ்சம் தாமதம், முட்டி எழவிடவில்லை.

வாசலில் ஏற்கெனவே ஒன்று நின்றது. கழி அல்ல. ஜி.ஐ. பைப். கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் முகமூடிப் பையோடு அஜ்மல் நின்றான். தூரத்தில் மரியம் பீவி, பாலம் தாண்டி நடந்து வந்த களைப்பில், கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“டேய்!” என்றாள் தேவகி. கோபம் நிஜமாகவே வந்தது. “ஐப்பசிக்குள்ள வேலைய முடிக்கணும்னு நான் ஓடிகினுகீறேன். கை ஆளா வரமாட்டேன்ட்டு இப்ப என் வயித்துல அடிக்க வந்துட்டியா?”

“கை ஆளாதான்க்கா வரமாட்டேன்னேன். விடியறதுக்குள்ள நட்டவன் பாடுன்னு பஜார்ல பேசிக்கிறாங்க. நட்டேன். ஸ்கூலு மாடிப்படிக்குக் கைப்பிடி ஆர்டர் இருக்கு. எனக்கும் அந்த மிஷின் வேணும்ல?”

கோதண்டம் வந்தார். பைப்பைத் தட்டிப் பார்த்தார். ணங் என்றது.

“இதுக்குப் பேரு கழியாடா?”

“எங்கள்ல கழி கிடையாது. கைல கீறதத்தான நட முடியும்?”

கோதண்டம் தேவகியைப் பார்த்தார். அவர் கேட்காமல் கேட்டது அவளுக்குப் புரிந்தது. அவன் குப்பத்துக்காரன் இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைய நாள் அவளுக்கு. இனி வருகிற நாளும் அவளுக்கே. அவளைத் தவிர இங்கே கழி நட வேறு யார் வரப் போகிறார்கள்? கஸ்தூரியம்மாளுக்கு எல்லா மணையும் போய்ச் சேரும்.

தேவகி தன் கழியை ஷெட் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“நட்டுகீறான் மாமா. தொறங்க.”

“அப்ப உன் வேலை?”

“எனக்கு முன்னாடி வந்துட்டான். நான் இன்னா பண்றது?” என்று எரிந்து விழுந்தாள்.

கதவு திறந்தது. மரியம் பீவி நேராகத் தையல் மிஷினுக்குப் போய், விரலால் தூசைத் தொட்டு எல்லோருக்கும் காட்டி, “ஆம்பளைங்க பாடு வெச்ச லட்சணத்தப் பாரு,” என்றாள். கோதண்டம் வெளியே நின்று வானத்தைப் பார்த்தார்.

அஜ்மல் கைப்பிடிக்கான நீளப் பைப்பை மிஷினில் ஏற்றினான். மறுமுனை ஆடியது. அவன் கேட்கவில்லை, தேவகி போய்ப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு நீதான் கை ஆளுக்கா.”

“வாயை மூடிகினு வளை. நேத்து எனக்கு ரெண்டு நசுங்கிப் போச்சி.”

“மணல் போட்டியா உள்ள?”

“மணலா?”

“பைப்புல மணல ரொப்பிட்டு வளைக்கணும். நசுங்காது. துபாய்ல மொத நாளே சொல்லிக் குடுத்தான்.”

“இத்தினி வருசம் ஏன்டா சொல்லல?”

“இத்தினி வருசம் நாலு பேரு புடிச்சீங்க. தேவைப்படல.”

கஸ்தூரியம்மாள் கேட்டதில் பாதிதான் ஐப்பசிக்குள் போய்ச் சேர்ந்தது. அவள் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்று கத்திய கத்தல் பொன்னேரிக்கே கேட்டது. மீதியைத் தைக்குள் வாங்கிக்கொள்கிறேன் என்று கடைசியில் இறங்கி வந்தாள். கிடைத்த மணைகளில் முதலாவதைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். தேவகி அதற்குள் அருவாமணையைக் கழுவி எடுத்து வைத்துவிட்டாள், மார்க்கெட்டில் இனி உட்காரப் போவதில்லை என்று.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் ஸ்டீபன் எட்டிப் பார்த்தான். சத்தம் கேட்டு வந்தானாம். கதவில் சாய்ந்து நின்று, அஜ்மல் வளைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அது ஏன் தப்பு என்று விளக்கினான். அப்புறம் ரொம்ப சாதாரணமாகக் கேட்டான்:

“எனக்கும் அந்த ட்ரில்லுல ஒரு வேலை கீது. நாளைக்கி யாரு நடுறீங்க?”

“நான்,” என்றாள் தேவகி.

“நான்,” என்றான் அஜ்மல், பைப்பை விடாமல்.

“நேத்து நீ வரமாட்டேன்ன! இன்னிக்கு உன்னுது ஆச்சில்ல? நாளைக்கும் உன்னுதா?”

“விடியறதுக்குள்ள எழுந்து வா, உன்னுது!”

“முட்டி செத்தவகிட்ட ஓட்டப் பந்தயமாடா விடற?”

மரியம் பீவி தையலை நிறுத்திவிட்டு, யார் பக்கம் பேசலாம் என்று யோசித்தாள்.